மேசைக்கு அடியில் விழுந்த ழ

எங்கள் ஊரான தாழைமுனையில் பிலோமினா பிரவுசிங் சென்டர் திறந்த வருஷத்திலிருந்து, வெளிநாட்டுப் பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பும் தமிழ் மெயில்களைத் திறக்கும்போதெல்லாம், ஆங்கிலத்தில் இடம் கிடைக்காத ழகரமும் ளகரமும் ணகரமும் றகரமும் கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் விழுந்து கிடக்கும் என்பதும், அதைப் பெருக்கி எடுத்து உரியவர்களிடம் கொடுத்துவிடுவோம் என்பதும் எங்களுக்குப் பழகிப்போன விஷயம்தான் என்றாலும், சென்னையிலிருந்து படம் எடுக்க வந்த டிவிக்காரர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க ரொம்பப் பாடுபட வேண்டியிருந்தது.

அவர்கள் எடுக்க வந்தது, நாட்டுக்குள் இண்டர்நெட் வந்து எல்லோரும் தலைகால் புரியாமல் ஓடிய அந்த நாலைந்து வருஷங்களைப் பற்றிய தொடர். பாதிக்கு மேல் நடிகர்கள் நடிப்பார்கள், நடுநடுவே அந்தக் காலத்து ஆட்களே வந்து பேசுவார்கள். தொடருக்கு 'வலை விரித்த காலம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பெங்களூரில் கண்ணாடிக் கட்டடம் கட்டியவர்கள், ஒரே ராத்திரியில் கம்பெனியை மூடிவிட்டுப் போனவர்கள் என்று பெரிய ஆட்களைப் பற்றி ஐந்து பாகம் எடுத்து முடித்துவிட்டு, கடைசிப் பாகத்துக்குக் கடற்கரை ஊர் ஒன்று வேண்டும் என்று எங்கள் ஊருக்கு வந்தார்கள். வேனில் ஒட்டியிருந்த தாளில் 'தலைமுனை' என்று ஊர்ப் பெயர் இருந்ததைப் பார்த்து, "வந்ததும் வராததுமா ழ-வைத் தொலைச்சிட்டு வந்திருக்கானுவ" என்று ரிட்டையர் ஆன லைன்மேன் சூசை சொன்னார்.

பிலோமினாவின் அப்பா வைத்திருந்தது டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். அவர் போன பிறகு, கல்யாணம் வேண்டாம் என்று இருந்த பிலோமினா, மிஷின்களை ஓரம் தள்ளிவிட்டு மூன்று கம்ப்யூட்டர்கள் வாங்கிப் போட்டாள். சூசைதான் டெலிபோன் லைன் இழுத்துக் கொடுத்தார். ஊரில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருந்ததால், ஊர் முழுவதற்கும் ஒரே மெயில் முகவரி, பிலோமினாவின் முகவரி. மெயில் வந்தால் அவள் ஆள் அனுப்பிக் கூப்பிடுவாள், வந்து உட்கார்ந்தவர்களுக்கு வாசித்துக் காட்டுவாள்.

முதல் மெயில் வியாகுலம்மாளின் மகனிடமிருந்து ஷார்ஜாவிலிருந்து வந்தது. பிலோமினா திரையைப் பார்த்து, "அம்மா, எனக்கு பேன் பார்க்கவும்" என்று வாசித்தாள்.

"அடப்பாவி, ஷார்ஜாவுல அம்புட்டு பேனா? இங்கேருந்து நான் எப்படிப் பார்ப்பேன்?" என்று வியாகுலம்மாள் தலையில் கை வைத்தபோது, மேசைக்கு அடியில் புளியங்கொட்டை விழுந்தது போல ஒரு சத்தம் கேட்டது. பெருக்க வந்தவள் பூரான் என்று விளக்குமாற்றை ஓங்க, பிலோமினா குனிந்து அதைக் கையில் எடுத்தாள். விரல் நீளத்தில், கறுப்பாக, மூன்று வளைவோடு ஒரு ண்.

கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பேன் இல்ல சித்தி. பெண். பெண் பார்க்கச் சொல்லுறான்" என்றாள்.

அந்த வைகாசியிலேயே கல்யாணம் நடந்தது. மணமேடையில் பூவோடு பூவாக அந்த ண்-ஐயும் வியாகுலம்மாள் கட்டித் தொங்கவிட்டிருந்தாள்.

ஏன் விழுகிறது என்று கேட்டவர்களுக்கு சூசை ஒரு விளக்கம் சொன்னார். அவன் மனசில் நினைக்கிற சொல் முழுசாகத்தான் புறப்படுகிறது, லைனில் ஆங்கில எழுத்துக்குத்தான் ஸீட் போட்டிருக்கிறார்கள், ஸீட் கிடைக்காத எழுத்து பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிற ஆள் மாதிரி கூடவே வந்து, ஊர் வந்ததும் இறங்கிவிடுகிறது, அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. டெலிபோன் ஆபீஸ் ஆளே சொன்ன பிறகு கேட்க என்ன இருக்கிறது.

அதன் பிறகு வாசிப்பதற்கு ஒரு முறை ஏற்பட்டது. ஆங்கில எழுத்தில் மலையும் மழையும் மாலையும் ஒன்றுபோல்தான் இருக்கும். பிலோமினா முதலில் திரையைப் பார்ப்பாள், பிறகு மேசைக்கு அடியில் பார்ப்பாள், பிறகுதான் வாய் திறப்பாள். ழ கிடந்தால் மழை. நெடிலுக்கான கால் கிடந்தால் மாலை. ஒன்றுமே இல்லையென்றால் மலை. துபாயில் வேலை இல்லாமல் அலைகிறேன் என்று மகன் எழுதியதாக அழத் தொடங்கிய ஒரு தாயிடம், "கொஞ்சம் பொறுங்க மைனி, ழ விழுந்திருக்கு, அழைக்கிறேன்னு எழுதியிருக்கான், சாயங்காலம் போன் பண்ணுவான்" என்று சொல்லி, சொன்னபடியே சாயங்காலம் போன் வந்த பிறகு, அவள் வாசிப்பில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. மெயிலைப் பிரிண்ட் எடுத்து, விழுந்த எழுத்துகளைத் தனியே ஒரு காகிதத்தில் பொட்டலம் கட்டி, இரண்டையும் சேர்த்துத்தான் கொடுப்பாள். எழுத்து உங்களுடையது, என்னிடம் இருக்கக் கூடாது என்பாள்.

அப்படி வீடுவீடாகப் போன எழுத்துகளை ஊர் வீணாக்கவில்லை. சலூன்காரர் ழ-வைச் சுவரில் அடித்துத் துண்டு மாட்டினார். ண-வின் வளைவுகளில் கரண்டிகள் தொங்கின. நெடிலின் காலைத் தொட்டில் கம்புக்கு முட்டுக் கொடுத்தார்கள். மடங்கி வளைந்த ற, கதவுக் கொக்கிக்குச் சரியாக இருந்தது. உப்புக் காற்றிலும் துருப் பிடிக்காததால் கடலுக்குப் போகிறவர்கள் தூண்டிலில் கட்டிப் பார்த்தார்கள். ழ கட்டிய தூண்டிலில் கிழங்கான் மீன் மட்டும் மாட்டியது, ள கட்டினால் வாளை, ற கட்டினால் சுறாக்குட்டி. ண-வை நண்டுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். கோயிலில் பங்குச்சாமி, பூசை முடிந்ததும் காணாமல் போன சாவி, செபமாலை இவற்றோடு சேர்த்து, "யாருடையது என்று தெரியாத றகரம் ஒன்று நடுப்பாதையில் கிடந்தது, உரியவர் வந்து பெற்றுக்கொள்ளவும்" என்று மைக்கில் சொல்லுவார். பிள்ளைகள் எழுத்துகளைக் கையில் வைத்து விளையாடியே வளர்ந்ததால், மாவட்டத்தில் எந்தப் பள்ளிக்கூடத்தில் போட்டி நடந்தாலும் பிழையில்லாமல் எழுதும் பரிசு தாழைமுனைக்குத்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்தது அதுதான். சரி, பெருமைக்கும்தான்.

ஊரின் பேச்சிலும் அது ஏறிவிட்டது. யாராவது ஒன்று சொல்லி, அது நிஜமா என்று சந்தேகம் வந்தால், "கீழ பாரு" என்பார்கள். தரகரிடமும் சொல்லுவார்கள், ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடமும் சொல்லுவார்கள். அவர்கள் குனிந்து தங்கள் காலைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

இப்படிப்பட்ட ஊரில்தான் ரெமிஜியூஸின் மெயில் வந்தது.

ரெமிஜியூஸ் துபாயில் இருந்தான். அவனுக்கும் செலினுக்கும் நிச்சயம் ஆகி, கல்யாணத்துக்கு முன் கோயிலில் வாசிக்கிற மூன்று அறிவிப்பு ஓலைகளில் இரண்டு வாசித்தாகிவிட்டது. செலின், பிலோமினாவோடு ஒரே பெஞ்சில் படித்தவள், சென்டர் திறந்த அன்று ரிப்பன் பிடித்தவள். கல்யாணத்துக்கு ஆள் வர வேண்டிய நேரத்தில் மெயில் வந்தது. அவன் அம்மா வந்து உட்கார்ந்தாள், செலினின் அப்பாவும் வந்து நின்றார். மெயில் சின்னதுதான். லீவு கிடைக்கவில்லை என்று முதல் வரி. இரண்டாம் வரி, பொண்ணு வீட்டில் விளக்கி விடுங்க, அல்லது, பொண்ணு வீட்டில் விலக்கி விடுங்க. ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்று.

லீவு இல்லை என்கிறவன் விளக்கிச் சொல்லத்தான் சொல்லுவான் என்று யாருக்கும் தோன்றும். பிலோமினாவுக்கும் தோன்றியிருக்கும். அவள் குனிந்து பார்த்தாள். பொண்ணு என்ற சொல்லுக்கு உரிய இரண்டு ண ஒட்டிப் பிறந்தவை மாதிரி பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ள இல்லை. மேசையை நகர்த்தச் சொல்லிப் பார்த்தாள். பாயைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு எழுந்து, செலினின் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், "விலக்கி விடுங்கன்னு எழுதியிருக்கார்" என்று வாசித்தாள்.

மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை.

அடுத்த வருஷம் ரெமிஜியூஸ் ஊருக்கு வந்தபோது ஒருத்தரும் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நிச்சயம் செய்த பெண்ணை ஒற்றை வரியில் கைவிட்டவன் என்று பெயர். நான்கு நாள் அதைப் பொறுத்துப் பார்த்தவன், ஐந்தாம் நாள் கையில் ஒரு ள-வோடு செலின் வீட்டு வாசலில் போய் நின்றான். சென்டரில் அலமாரிக்குப் பின்னால் கிடந்தது, நான் விளக்கத்தான் சொன்னேன், உன் தோழி சரியாகப் பார்க்காமல் வாசித்துவிட்டாள் என்றான். எல்லா வீட்டிலும் ள இருந்த ஊரில் ஒரு ள கிடைப்பது கஷ்டமா என்று செலின் யோசித்திருக்கலாம். கோபத்தில் இருக்கிறவர்களுக்கு அப்படி யோசிக்கத் தோன்றாது.

செலின் சென்டருக்கு வந்தாள். அந்த ள-வை மேசை மேல் வைத்தாள்.

"அவன் போனது எனக்குப் பெரிசில்ல பிலோமி. போகட்டும். ஒரு எழுத்தைப் பார்க்காம என் தலையெழுத்தை மாத்திட்டியே, அதுதான்."

"பார்த்தேன் செலின். விழல."

"அப்ப இது என்ன?"

"இது ள. அந்த மெயிலோடது இல்ல."

செலின் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். அதற்கப்புறம் இருவரும் பேசவில்லை. செலினுக்கு வேறு இடத்தில் நல்லபடியாகக் கல்யாணம் நடந்தது, அப்பாவின் வள்ளத்தை எடுத்து நடத்தி இன்றைக்கு இரண்டு லாஞ்ச் வைத்திருக்கிறாள். ரெமிஜியூஸும் பவுலின் என்ற வெளியூர்ப் பெண்ணைக் கட்டி, பஸ் ஸ்டாண்டில் செல்போன் கடை வைத்துவிட்டான். ஊர் இரண்டாகப் பிரிந்து கொஞ்ச நாள் பேசியது, பிறகு விட்டுவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு சென்டருக்கு மெயில் கேட்க வந்தவர்களில் சிலர், பிலோமினா குனிவதற்கு முன்னால் தாங்களும் ஒரு தடவை குனிந்து பார்த்தார்கள். அவள் அதைக் கவனித்தாள்.

போன்கள் தமிழ் கற்றுக்கொண்ட பிறகு எழுத்து விழுவது நின்றது. மற்ற ஊர்களில் பிள்ளைகள் இன்னும் ஆங்கில எழுத்தில்தான் தமிழ் அடிக்கிறார்களாம். எங்கள் ஊரில் அப்படி அடித்தால், "வீடு பூரா ழ-வும் ள-வுமா இறைச்சு வைக்காதலே, எவ பெருக்குறது?" என்று அம்மாமார் சத்தம் போடுவதால் எல்லோரும் தமிழிலேயே அடிக்கிறார்கள். சென்டர் ஜெராக்ஸ் கடை ஆனது. கடைசியாக எழுத்து விழுந்து பத்துப் பதினைந்து வருஷமாகிவிட்டது.

டிவிக்காரர்களின் டைரக்டர் கிரிதர் என்ற இளைஞர். மரியாதையான பையன்தான். ஆனால் பேட்டி கொடுக்க முந்திக்கொண்டு போனவன் ரெமிஜியூஸ். அவன் சொன்ன கதை டைரக்டருக்குப் பிடித்துவிட்டது. எழுத்து விழுவதை ஊர்க்காரர்களின் கற்பனை என்று எடுத்துக்கொண்டு, அதை அழகாக வைத்துக் கதை எழுதிவிட்டார். கடைசிக் காட்சியில், பிலோமினாவாக நடிக்கிற நடிகை விலக்கி என்று வாசிப்பாள், கல்யாணம் நின்றுபோகும், பல வருஷம் கழித்து அலமாரிக்குப் பின்னால் ள-வைக் கண்டுபிடித்து மார்போடு அணைத்து அழுவாள். இண்டர்நெட் எதைக் கொடுத்தது, எதை உடைத்தது என்று பின்னணியில் ஒரு குரல் சொல்லும். தெர்மகோலில் ஒரு ள செய்து கறுப்புப் பெயிண்ட் அடித்துக் காயவைத்திருந்தார்கள்.

பழைய சென்டர் அறையையே செட் போட வாடகைக்குக் கேட்டார்கள். பிலோமினா கொடுத்தாள். கதை என்ன என்று அவளுக்குத் தெரியாது. பழைய மானிட்டர்களும் கீபோர்டுகளும் எங்கிருந்தோ வாங்கி வந்து, அந்தக் காலத்து மோடம் வழியாக, ஒயர் இழுத்து, எதிரே இருந்த பள்ளிக்கூட அறையைத் துபாய் ஆக்கினார்கள். முதல் நாள், லைன் வருகிறதா என்று பார்க்க ஓர் உதவியாளன் துபாயில் உட்கார்ந்து தன் காதலியின் பெயரை அடித்தான். சென்டர் மேசைக்கு அடியில் டொக்கென்று ஏதோ விழ, இன்னொரு பையன் அலறிக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறினான்.

வாசலில் நின்ற சூசை எட்டிப் பார்த்தார். "ழ விழுந்திருக்கு. யாருப்பா அந்தப் பொண்ணு, கயல்விழியா, தேன்மொழியா? ஸ்டூலை விட்டு இறங்கு மக்கா, அது கடிக்காது."

கிரிதர் அந்த ழ-வைக் கையில் வாங்கி நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், இது எப்படி?" என்றார்.

"ஒயர் சரியா இழுத்திருக்கீங்க, வேலை செய்யுது" என்றார் சூசை.

பத்து நிமிஷத்தில் ஊர் அங்கே கூடிவிட்டது. மறுபடியும் விழுகிறது என்ற சந்தோஷத்தில் ஆளாளுக்குத் துபாய் போய் ஒரு வரி அடித்துவிட்டு வந்தார்கள். தூண்டிலுக்கு ள வேண்டும் என்று ஒருவர் வாளை வாளை என்று மட்டும் ஒரு பக்கம் அடித்தார். படம் எடுக்க வந்தவர்கள் ஓரமாக நின்றார்கள். அந்தக் கூட்டத்தில்தான், நடிகைப் பெண் மரத்தடியில் வசனத்தை உரக்கச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தது பிலோமினாவின் காதில் விழுந்தது. "நான் சரியாகப் பார்க்கவில்லையே, ஒரு பெண்ணின் வாழ்க்கையை நான் அல்லவா கெடுத்தேன்" என்று அந்தப் பெண் அழுது காட்டினாள்.

பிலோமினா கிட்டே போனாள். "இது யார் பேசுற வசனம்மா?"

"நீங்கதான் மேடம்" என்றாள் அந்தப் பெண்.

பிலோமினாவுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். டைரக்டரிடம் வந்தாள்.

"தம்பி, அந்த மெயிலை நான் வாசிச்சது வாசிச்சதுதான். தப்புன்னு நீங்க காட்டப் போறீங்க. காட்டுங்க. ஆனா மெயில் எழுதின ஆளு உள்ளூர்லதான் இருக்காரு. நடிகர் அடிக்க வேண்டாம், அவரே வந்து துபாய்ல உட்கார்ந்து அந்த ரெண்டு வரியை அடிக்கட்டும். இங்க ள விழுந்துச்சுன்னா, நடிகை வேண்டாம், உங்க வசனத்தை கேமரா முன்னால நானே பேசுறேன். அழவும் செய்றேன்."

"விழலைன்னா மேடம்?"

"விழலைன்னா, என் வாசிப்பு சரின்னு உங்க படத்துல இருக்கணும்."

செலினுக்கு ஆள் போனது. லாஞ்ச் கரைக்கு வந்த நேரம், மீன் வாடையோடு அப்படியே வந்து கதவோரம் நின்றாள். பிலோமினாவைப் பார்க்கவில்லை.

ரெமிஜியூஸ் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தான். பின்னாலேயே பவுலினும் வந்தாள். "அன்னைக்கு என்ன நினைச்சேனோ அதைத்தானே அடிக்கணும், அடிக்கிறேன்" என்று சட்டைக் கையை மடித்தான்.

"இப்ப மனசுல ள-வை நினைச்சுக்கிட்டு அடிச்சா?" என்று சலூன்காரர் கேட்டார்.

சூசை சொன்னார்: "புது மெயில்னா இப்ப நினைக்கிறது வரும். இது ஏற்கெனவே எழுதின மெயிலு. அதுக்கு அன்னைக்கு நினைச்சதுதான் வரும். அடிக்கட்டும், பார்ப்போம்."

கேமரா ஓடியது. பள்ளிக்கூடத்தில் ரெமிஜியூஸ் அடித்தான். மோடம் பழையபடி கீச்சென்றும் கரகரவென்றும் கத்தியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு வயதான பெண்கள் சிலர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சென்டரில் நடிகைப் பெண் மெயிலைத் திறந்தாள்.

டொக். டொக்.

கூட்டம் ஓவென்றது. கிரிதரே முட்டி போட்டுக் குனிந்தார். இரண்டு ண. பக்கத்தில் பக்கத்தில், ஒட்டிப் பிறந்தவை மாதிரி.

"அது பொண்ணுக்கு உள்ளது" என்றார் சூசை. "விளக்கிக்கு உள்ளது எங்க?"

காத்திருந்தார்கள். ஒன்றும் விழவில்லை.

"லைன் சரியில்ல" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து ரெமிஜியூஸ் கத்தினான். இன்னொரு தடவை அடித்தான். இரண்டு ண விழுந்தன. மூன்றாம் தடவை, ஒவ்வோர் எழுத்தாக, கீபோர்டையே குத்துவது போல அடித்தான். இரண்டு ண விழுந்தன. மேசைக்கு அடியில் ஆறு ண வரிசையாகக் கிடந்தன. ள ஒன்றுகூட இல்லை. எழுத்து விழுகிற சத்தத்துக்குப் பழகிய ஊர், விழாத சத்தத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டது.

பிலோமினா நின்ற இடத்திலேயே நின்றாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் ரெமிஜியூஸ் எழுந்திருக்கவில்லை. ஜன்னல் வழியாக அவன் முதுகு தெரிந்தது. மறுபடியும் ஏதோ அடித்தான். யாரும் சொல்லவில்லை, அவனாகவே. மோடம் கத்தியது. நடிகைப் பெண் திறந்து, பழக்க தோஷத்தில் உரக்க வாசித்தாள்.

"பிள்ளை என்னுடையது."

"எந்தப் பிள்ளைடா!" என்று பவுலின் போட்ட சத்தத்தில் கூரையிலிருந்த காக்கைகள் பறந்தன. "எவ பிள்ளை? யாருக்குப் பிறந்த பிள்ளை? ஏ மனுஷா, அந்தத் துபாயை விட்டு வெளியே வா!"

கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது, சிலர் பவுலினைப் பிடித்துக்கொண்டார்கள். "கீழ பாரு! கீழ பாரு!" என்று ஊரே கத்தியது. பிலோமினா முன்னால் வந்து மேசைக்கு அடியில் குனிந்தாள். ஆறு ண-வுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு ழ கிடந்தது. அதை எடுத்துத் தூசி தட்டி, பவுலினின் உள்ளங்கையில் வைத்தாள்.

"பிள்ளை இல்ல மைனி. பிழை. பிழை என்னுடையதுன்னு எழுதியிருக்கார்."

பவுலின் அந்த ழ-வைப் பார்த்தாள், எதிர் ஜன்னலில் தெரிந்த முதுகைப் பார்த்தாள். "அதை வாயால சொன்னா என்னவாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ழ-வை முந்தானையில் முடிந்துகொண்டு, அவனைக் கூட்டிப்போக எதிரே நடந்தாள்.

கதவோரம் திரும்பிப் பார்த்தோம். செலின் அங்கே இல்லை. அவள் நின்ற இடத்தில் தரை ஈரமாக இருந்தது.

கிரிதர் அன்று மாலையே கதையின் கடைசிப் பக்கங்களைக் கிழித்துப் போட்டார். தெர்மகோல் ள-வைச் சலூன்காரரின் மகள் விளையாடக் கேட்டு வாங்கிப் போனாள்.

தொடரின் கடைசிப் பாகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒளிபரப்பானது. பெரிய கட்டடக்காரர்களைக் காட்டி முடித்த பிறகு, கடலையும் எங்கள் ஊரையும் காட்டினார்கள். ஊர்ப் பெயரைத் தமிழில் சரியாக, தாழைமுனை என்று, பெரிதாகப் போட்டார்கள். அதற்குக் கீழே சின்னதாக ஆங்கிலத்திலும் போட்டார்கள். அந்த நிமிஷம் எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டு டிவிக்கு அடியிலும் ஒரு ழ-வும் ஒரு காலும் விழுந்தன. பிள்ளைகள் ஓடி ஓடிப் பொறுக்கினார்கள். பிறகு ஆறு ண-வைக் காட்டினார்கள், ஒரு ழ-வைக் காட்டினார்கள். 'அந்தக் காலத்தில் பல கம்பெனிகள் சொன்னது எதுவும் நடக்கவில்லை. தாழைமுனையில் பிலோமினா வாசித்தது எதுவும் தப்பவில்லை' என்று அந்தப் பின்னணிக் குரல் சொன்னபோது, தெருவில் பட்டாசு வெடித்தார்கள். பூசைக்கு அடிக்கிற மணியைப் பங்குச்சாமி அனுமதியில்லாமல் யாரோ அடித்தார்கள். அவரும் அதை யார் என்று விசாரிக்கவில்லை.

பிலோமினா வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்தாள். முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு, மடியில் கிடந்த போன் அதிர்ந்ததால் எடுத்தாள். செலினிடமிருந்து ஒரு செய்தி. செலினின் போனில் தமிழ் இருக்கிறது, மீன் ஏலத்துக்கு அவள் தமிழில்தான் செய்தி அனுப்புவாள். இதை மட்டும் பழையபடி ஆங்கில எழுத்தில் அடித்திருந்தாள். இரண்டே வரி. தோழி என்று முதல் வரி. இரண்டாம் வரி, வழி விடு என்றும் இருக்கலாம், வலி விடு என்றும் இருக்கலாம்.

செய்தியைத் திறந்ததும் மடியிலும் தரையிலுமாக ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. எத்தனை விழுந்தது, ழ ஒன்றா இரண்டா என்று பிலோமினா குனிந்து பார்க்கவில்லை. அந்த முதல் மெயிலுக்குப் பிறகு அவள் கீழே பார்க்காமல் வாசித்தது அது ஒன்றுதான். எழுந்து போய்க் கதவின் றகரக் கொக்கியைத் தூக்கினாள்.

வாசலில் செலின் நின்றாள். கையில், கயிற்றில் கோத்த ஒரு வாளை மீன், அதன் வாயில் இன்னும் அந்த ள.

"இருபது வருஷமா நல்லாத்தான் புடிக்குது" என்றாள் செலின். "ஆனா அந்த மெயிலோடது இல்ல."

"அதைத்தான் அன்னைக்கே சொன்னேன்" என்று பிலோமினா மீனை வாங்கிக்கொண்டு, அவள் உள்ளே வர ஒதுங்கி நின்றாள்.